அறத்தொடு நிற்றல்

திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும், மருந்து 95ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இரண்டிற்கும் இடையே சூது என்னும் ஓர் அதிகாரம் மட்டுமே நிற்கின்றது. மயக்கும் பொருளுக்கும் நோய் தீர்க்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவு அத்துணைக் குறுகியது என்பதை நூலின் வைப்புமுறையே நமக்கு நினைவூட்டுவதாகக் கொள்ளலாம். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் கூறுகள் நான்கு என வள்ளுவர் வகுக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவர் என்பன அவை. அந்நான்காம் கூறாக விளங்குபவரே இன்று நாம் செவிலியர் என அழைக்கும் பணியாளர். அருகிருந்து மருந்தளிக்க வேண்டிய அவரே அம்மருந்துக்கு அடிமையாகி, நான்காம் இடத்திலிருந்து முதலிடத்திற்கு, அதாவது நோயுற்றவரின் இடத்திற்கு வந்துவிட்டால் உடன் பணியாற்றுவோர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை நூலில் அன்று, வாழ்வில் எதிர்கொண்டவர்கள் நாங்கள்.

'நாங்கள்' என்று ஈண்டுக் குறிப்பது, தென் மாவட்டத்து நகர் ஒன்றின் தனியார் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நோயாளர் பிரிவில் 2016ஆம் ஆண்டு பணியாற்றிய செவிலியர் ஐவரை ஆகும். எங்களுள் ஒருவர் இத்தமிழ்த்துறையில் பயின்று, பின்னர்ச் செவிலியப் பட்டயம் பெற்றவர் என்பதால் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. எனினும் செய்தது ஐவரும் கூடியே ஆதலின் ஒருமையில் எழுத மனம் ஒப்பவில்லை. மருத்துவமனையின் பெயரும் நண்பரின் பெயரும் இக்கட்டுரைக்குத் தேவையில்லை.

நண்பர் யார்?

அவர் எங்கள் பிரிவின் ஆறாமவர். பன்னிரண்டு ஆண்டுப் பட்டறிவு உடையவர். நரம்பு கிடைக்காத முதியவர்க்கு ஊசி ஏற்ற வேண்டுமெனில் மருத்துவர்களே அவரைத்தான் தேடுவர். இரவுப் பணியில் அச்சமுற்று அழும் நோயாளியின் கையைப் பற்றியபடி ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எதையும் சலியாது கற்பிப்பார். பொறுப்புச் செவிலியரான மூத்த சகோதரியை 'அக்கா' என்றும், எங்களுள் இளையோரைத் 'தம்பி', 'தங்கச்சி' என்றும் அழைப்பார். இதனை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. போதைக்கு அடிமையானவர் என்றவுடன் தெருவோரத்தில் விழுந்து கிடக்கும் ஓர் உருவமே நம் கண்முன் தோன்றுகின்றது. அவ்வுருவத்தை மட்டுமே எதிர்பார்த்திருக்கும் கண்களுக்கு, வெண்ணிற உடையில் நேரந் தவறாது பணிக்கு வரும் நோயாளி புலப்படுவதில்லை.

நோயின் தோற்றம்

செவிலியப் பணியில் முதுகுவலி என்பது ஏறத்தாழத் தொழில்நோய். எழ இயலாத நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் கிடத்துவது நாள்தோறும் நிகழ்வது. 2015ஆம் ஆண்டில் பருமனான ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது நண்பரின் முதுகுத் தண்டில் வலி கண்டது. மருத்துவர் சில நாட்களுக்குப் பென்டசோசின் ஊசி எழுதிக் கொடுத்தார். அதில் தவறு ஏதுமில்லை. அது வலிக்குரிய மருந்தே. வலி நீங்கியது. ஆனால், வலியோடு கூடவே கடன் கவலையும், தொடர் இரவுப் பணியின் அயர்வும், உறக்கமின்மையும் சில மணி நேரம் நீங்கியதை அவர் கண்டார். முதுகுவலி தீர்ந்த பின்னும் உடல் அந்த அமைதியைக் கேட்டது. பின்னர் அமைதிக்காக அன்று, ஊசி இல்லாவிடில் எழும் துன்பத்தைத் தவிர்க்கவே ஊசி தேவைப்பட்டது.

அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர், கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரை அதற்குச் சூட்டினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது அது. அன்றுமுதல் 'வலியைப் போக்கும், ஆனால் அடிமைப்படுத்தாது' என்னும் மருந்தைத் தேடி அறிவியல் நடந்துகொண்டே இருக்கின்றது. 1960களில் அத்தகைய நம்பிக்கையோடு வெளிவந்ததே பென்டசோசின். அந்நம்பிக்கை பொய்த்தது. 1960இல் பெல்ஜிய நாட்டுப் பால் யான்சன் உருவாக்கிய ஃபென்டனில், மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமுடையது. அறுவை அரங்குகளில் இன்றியமையாதது. அடிமைப்படுத்துவதில் அதுவும் விலக்கன்று. இத்தகைய மருந்துகளை நாள்தோறும் கையாள்பவர், அவற்றின் அளவும் விளைவும் தமக்குத் தெரியும் என்னும் துணிவில் எளிதில் வழுக்கி விழக்கூடும். அறிவு இங்கே காப்பாக அமைவதில்லை. சில வேளைகளில் படுகுழிக்கு வழிகாட்டியாகவே அமைந்துவிடுகின்றது.

ஐயம் எழுந்த விதம்

இவ்வகை மருந்துகள் எங்கள் பிரிவில் இரட்டைப் பூட்டிட்ட அலமாரியில் இருந்தன. ஒவ்வோர் ஆம்பியூலையும் எடுக்கும்போது இருவர் கையொப்பமிட வேண்டும். உடைந்ததையும் எஞ்சியதையும் இருவர் கண்டு பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் பதிவேட்டில் கையொப்பங்கள் யாவும் முறையாகவே இருந்தன. ஆயின், அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையிலுள்ள இருபது அடித் தொலைவைப் பதிவேடு காண்பதில்லை.

அதைக் கண்டவர் ஒரு முதியவர். குடல் அறுவை முடிந்து படுத்திருந்த விவசாயி அவர். ஒரு நாள் விடியற்காலையில், "ராத்திரி ஊசி போட்டாங்க தம்பி. போட்டும் வலி அப்படியே இருந்துச்சு. பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு துணியைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். அடுத்த இரவு வேறொருவர் பணியில் இருந்தார்; அதே மருந்து, அதே அளவு. முதியவர் அமைதியாக உறங்கினார்.

அவர் கூற்றை அன்றே பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தோம். அவர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. மூன்று வார நோயாளர் ஏடுகளை எடுத்துப் பரப்பினார். ஊசியிட்ட ஒரு மணி நேரத்திற்குப் பின் நோயாளி கூறிய வலியின் அளவை, பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் குறிப்பது எங்கள் வழக்கம். பிறர் பணியில் இருந்த இரவுகளில் அவ்வெண் எட்டிலிருந்து மூன்றுக்கும் இரண்டுக்கும் இறங்கியிருந்தது. நண்பரின் இரவுகளில் எட்டு எட்டாகவே நின்றது. நாடித் துடிப்பும் அதனையே உரைத்தது. 'ஆம்பியூல் உடைந்தது' என்னும் குறிப்புகளில் பெரும்பாலானவை அவர் பணியாற்றிய நாட்களுக்கு உரியவை.

பிற குறிகளும் அவ்வெளிச்சத்தில் பொருள் பெற்றன. தமக்குரியன அல்லாத நோயாளிகளுக்கும் தாமே ஊசியிட முன்வருதல். விரும்பிக் கூடுதல் இரவுப் பணி கேட்டல். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அடிக்கடி கழிவறை செல்லுதல். சில நாட்களில் ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணி. வேறு சில நாட்களில் விரிந்த கண்மணி, ஓயாத கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு எவரையும் ஐயுறுதல் அறமாகாது. சளி பிடித்தவர்க்கும் மூக்கு ஒழுகும். பல குறிகள் ஒருங்கே கூடி, ஏடுகளும் அதனை உறுதிப்படுத்தும்போதுதான் ஐயம் கடமையாக மாறுகின்றது.

மூன்று வழிகள்

அன்று மாலை நாங்கள் ஐவரும் மருத்துவமனைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் கூடினோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, வாய் திறவாதிருத்தல். நண்பருக்கு இரு பெண் மக்கள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. ஒரு சொல் வெளிப்பட்டால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என எங்களுள் ஒருவர் கண்கலங்கினார். "நமக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கிறார் அவர்" என்றார் மற்றொருவர். அதுவும் உண்மையே.

இரண்டாவது, தனியே அழைத்துக் கண்டித்தல். இவ்வழி நட்பின் வழிபோல் தோன்றும். ஆனால் இந்நோயின் இயல்பு மறுத்தலும் மறைத்தலும் ஆகும். தனியே கேட்டால் மறுப்பார், சான்றுகளை அழிக்கக்கூடும், அச்சத்தால் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்ளவும் கூடும். மருந்தின் அளவை அறிந்தவர் கையில் மருந்து இருக்கையில் இவ்வச்சம் வெற்றச்சமன்று.

மூன்றாவது, உரிய மேலோரிடம் உரிய முறையில் உரைத்தல்.

இவ்விடத்தே தமிழ் பயின்றவர் ஒரு செய்தியை எங்களுக்கு நினைவூட்டினார். 'செவிலி' என்னும் சொல் நமக்கு அக இலக்கியம் தந்த கொடை. தலைவியை வளர்த்த தாய் அவள். தலைவியின் மேனி வேறுபாட்டைக் கண்டு கலங்குபவளும் அவளே. தலைவியின் மறைபொருளை அறிந்த தோழி, தக்க பொழுதில் அதனைச் செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உணர்த்துவாள். தோழி உரைப்பதைக் கோள் சொல்லுதல் என்றோ காட்டிக் கொடுத்தல் என்றோ நம் முன்னோர் பெயரிடவில்லை. 'அறத்தொடு நிற்றல்' என்றே பெயரிட்டனர். புறங்கூறுபவன் பிறரைத் தாழ்த்தப் பேசுகின்றான். அறத்தொடு நிற்பவள் தலைவியைக் காக்கப் பேசுகின்றாள். இருவரும் வெளியிடுவது மறைபொருளையே. யாரிடம், எந்நோக்கத்தோடு, எம்முறையில் என்பவற்றில்தான் வேறுபாடு உள்ளது. கடைத்தெருவில் சொன்னால் அது புறங்கூறல். காக்க வல்லாரிடம் சொன்னால் அது அறம்.

துணியைக் கடித்துக்கொண்டு கிடந்த அம்முதியவரும் எங்கள் நினைவிலிருந்து அகலவில்லை. நண்பரின்பால் எங்களுக்கிருந்த அன்பின் விலையை அவர் செலுத்துவது எவ்வகை நீதி? முடிவு அங்கேயே எட்டப்பட்டது.

அறத்தொடு நின்ற விதம்

மறுநாள் காலை, பொறுப்புச் செவிலியரின் தலைமையில் செவிலியக் கண்காணிப்பாளர் அம்மையாரிடம் ஒரு கடிதம் அளித்தோம். 'அடிமை', 'திருட்டு' என்னும் சொற்கள் அதில் இடம்பெறவில்லை. நாள், நேரம், கட்டில் எண், மருந்தின் அளவு, வலியின் எண் ஆகியவை மட்டுமே இருந்தன. கண்டதை எழுதினோம், கருதியதை எழுதவில்லை. ஐவரும் கையொப்பமிட்டோம்.

அம்மையார் கடிதத்தை இருமுறை படித்தார். நண்பர் பணிக்கு வருவதற்கு முன்பே அவரைத் தம் அறைக்கு அழைத்தார். மருத்துவக் கண்காணிப்பாளரும் மனநல மருத்துவர் ஒருவரும் உடனிருந்தனர். "உங்களைத் தண்டிக்க அழைக்கவில்லை தம்பி. நோயாளிகளும் பிழைக்க வேண்டும், நீங்களும் பிழைக்க வேண்டும்" என்று அம்மையார் தொடங்கியதாகப் பின்னர் அறிந்தோம். நண்பர் முதலில் மறுத்தார், சினந்தார், பின் ஏடுகளைக் கண்டதும் நெடுநேரம் பேசாதிருந்தார். இறுதியில் முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டிக் காட்டினார். மீண்டும் மீண்டும் ஊசியிட்டதால் தோல் தடித்து, தசை கல்லாக இறுகி, இரண்டிடத்தில் ஆறாப் புண் இருந்தது.

அன்று அவர் ஒரு நொடியும் தனித்திருக்க விடப்படவில்லை. வெளிப்படுத்தப்பட்ட முதல் நாளே இந்நோயாளிக்கு மிகவும் இடர் நிறைந்த நாள் என்பதை மனநல மருத்துவர் எடுத்துரைத்திருந்தார். எங்களுள் இருவர் உடனமர்ந்தோம். அவருடைய இருசக்கர வண்டியின் சாவியை வாங்கி வைத்தோம். அவர் மைத்துனர் வந்து அழைத்துச் செல்லும் வரை எவரும் அறிவுரை கூறவில்லை. தேநீர் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். புறப்படும்போது அவர் எங்களை நோக்கவில்லை. பொறுப்புச் செவிலியரிடம் மட்டும், "அக்கா, கையெழுத்துப் போட்டது யார் யார்?" என்று கேட்டார். "எல்லாரும்தான் தம்பி, நானும்தான்" என்றார் அவர். அவ்விடையில் ஒளிவு இல்லை. நண்பரின் முகத்தில் மன்னிப்பும் இல்லை. அதனைத் தாங்கிக்கொள்வதும் கடமையின் ஒரு பகுதியே.

மருத்துவமனை இரு காரியங்களைச் செய்தது. நண்பரின் குருதி, எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, சி ஆகிய தொற்றுகளுக்குச் சோதிக்கப்பட்டது. நல்வாய்ப்பாகத் தொற்று ஏதும் இல்லை. வலி தணியாமல் துன்புற்ற நோயாளிகளிடம் மருத்துவரே நேரில் சென்று உண்மை கூறி வருத்தம் தெரிவித்தார். அம்முதியவர் அதைக் கேட்டு, "அந்தத் தம்பிக்கு இப்ப வைத்தியம் பாக்குறீங்களா?" என்றே முதலில் வினவினார்.

அமைதியாக அனுப்பிவிடலாமா?

நிருவாகத்தில் ஒருவர் மற்றொரு வழியையும் முன்வைத்தார். பணி விலகல் கடிதம் பெற்று, நற்சான்றும் கொடுத்து அனுப்பிவிட்டால் மருத்துவமனையின் பெயர் கெடாது என்பது அவர் கருத்து. நாங்கள் அதனை ஏற்கவில்லை. நோயை அடுத்த மருத்துவமனைக்கு அனுப்புவதாகவே அது முடியும்.

இதற்கு அமெரிக்க நாட்டில் கசப்பான சான்று உண்டு. நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து எக்செட்டர் நகரின் மருத்துவமனையில் 2012ஆம் ஆண்டு ஹெபடைடிஸ் சி தொற்று பரவியது. அங்குப் பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவர் நோயாளிகளுக்குரிய ஃபென்டனில் ஊசிக்குழலை எடுத்துத் தமக்கு ஏற்றிக்கொண்டு, அதே குழலில் உப்புநீரை நிரப்பி வைத்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவர் முன்பு பல மாநிலங்களின் மருத்துவமனைகளில் பணியாற்றியவர். ஐயத்திற்கு இடமாகி ஓரிடத்திலிருந்து நீங்கினாலும் மற்றோரிடத்தில் பணி கிடைத்துக்கொண்டே இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் தொற்றுக்கு ஆளாயினர். 2013இல் அவருக்கு 39 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதல் மருத்துவமனையே உரிய முறையில் உரைத்திருந்தால் அந்நோயாளிகளும் தப்பியிருப்பர். அவரும் ஒருவேளை தப்பியிருப்பார்.

அந்நாட்டிலேயே வேறொரு வழியும் காணப்பட்டது. ஃபுளோரிடா மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு, போதைக்கு ஆட்பட்ட செவிலியர்க்கெனத் தனித்திட்டம் தொடங்கப்பட்டது. பணியிலிருந்து விலக்கி, சிகிச்சையளித்து, கண்காணிப்போடு மீண்டும் பணிக்குக் கொணர்வது அதன் நெறி. பின்னர்ப் பல மாநிலங்கள் அத்தகைய திட்டங்களை மேற்கொண்டன.

இந்நோய் அறிவிலார்க்கு மட்டும் வருவது என எண்ணுவோர், வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவரின் வரலாற்றை அறிதல் நன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புதிய அறுவை மருத்துவத்திற்கு அடித்தளமிட்டவர். தம் அரங்கில் பணியாற்றிய செவிலியரின் கை புண்படாதிருக்க ரப்பர்க் கையுறை செய்வித்தவர். அவர் 1880களில் கோகைனை மயக்க மருந்தாக ஆராயும்போது அதற்கு அடிமையாகி, அதிலிருந்து மீளும் முயற்சியில் மார்ஃபினுக்கு ஆட்பட்டார். அவருடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் இதனை எழுதி முத்திரையிட்டு வைத்த குறிப்பு 1969இல்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது. பேரறிஞர்களே ஒருவர் நோயை ஒருவர் மறைத்துக் காத்த காலம் அது. இன்று சிகிச்சை உண்டு. ஆகவே அம்மறைப்புக்குத் தேவை இல்லை.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் கடுமையானது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், அச்சட்டத்தின் 64ஏ பிரிவை அறிந்தவர் சிலரே. போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்திற்கோ சிறிதளவு தொடர்பான குற்றத்திற்கோ ஆளான அடிமையர், அரசு ஏற்பு பெற்ற நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அப்பிரிவு வழி செய்கின்றது. சிகிச்சையை இடையில் விட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். அரசின் சட்டமே தண்டனைக்கு முன் மருத்துவத்திற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப் பொருள்களின் தவறான பயன்பாட்டால் வரும் நிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் வைத்துள்ளது.

இங்கே மற்றொரு செய்தியையும் உரைத்தல் வேண்டும். இத்தகைய நிகழ்வுகளைக் காட்டி, வலிநிவாரணிகளையே பூட்டி வைத்துவிடலாம் என எண்ணுதல் பெரும்பிழை. மார்ஃபின் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. சட்டக் கெடுபிடியால் நம் நாட்டில் புற்றுநோயாளர் பலர் மார்ஃபின் கிடைக்காது துன்புற்றனர். அதனைக் களையவே 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பூட்டு வேண்டியது மருந்துக்கே. நோயாளியின் வலிக்குப் பூட்டிட யாருக்கும் உரிமை இல்லை.

மீண்டு வந்தவர்

நண்பர் வேற்றூர் சிகிச்சை நிலையம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். முதல் வாரம் உடல் படும் பாடு பெரிது. உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. அதன்பின் நிகழும் மனப்போராட்டம் அதனினும் பெரிது. குடும்பத்தினரும் ஆலோசனையில் பங்கேற்க வேண்டும். அவர் மனைவி தொடக்கத்தில் எங்களோடு பேசவே இல்லை. எங்கள் பிரிவில் மாதந்தோறும் போடும் சீட்டில் அம்மாதம் எடுக்க வேண்டியவர் தம் முறையை அக்குடும்பத்திற்கு விட்டுக் கொடுத்தார். பணத்தைக் கொண்டு சென்றபோது அவ்வம்மையார் கதவருகில் நின்று, "நீங்க எல்லாம் சேர்ந்து எங்க பொழப்பைக் கெடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணே. டாக்டர் சொன்னாரு, இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டார்னு" என்று கூறி அழுதார். ஆறுதல் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

நான்கு மாதங்களுக்குப் பின் அவர் பணிக்குத் திரும்பினார். எழுத்தில் சில நிபந்தனைகள் இருந்தன. தடுப்பூசிப் பிரிவில் மட்டும் பணி. இரவுப் பணி இல்லை. வலிநிவாரணி அலமாரிச் சாவி இல்லை. முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ச் சோதனை. மாதந்தோறும் ஆலோசகரின் கடிதம். ஓராண்டுக்கு இவை நடைமுறையில் இருக்கும். இவற்றை அவமதிப்பெனக் கருதாது, முறிந்த காலுக்கு இட்ட மாவுக்கட்டு எனக் கருதுமாறு அம்மையார் கூறினார். மீண்டவர் மறுமுறை வழுக்குதல் இந்நோயில் அரிதன்று. இடைவெளிக்குப் பின் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கி இறக்கவும் நேரும். ஆகவே அன்போடு காவலும் தேவை.

ஒரு நாள் ஆள் பற்றாக்குறையால் அவரை எங்கள் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அவரே பொறுப்புச் செவிலியரிடம் வந்து, "அக்கா, இன்றைக்கு என் மனம் சரியில்லை. என்னை அங்கே அனுப்ப வேண்டாம்" என்றார். அவர் மீண்டுவிட்டார் என நாங்கள் நம்பத் தொடங்கியது அன்றுதான். வலிமையைக் காட்டியதால் அன்று, வலுவின்மையை மறைக்காததால். ஓராண்டு நிறைவுற்றபின் சாவியை மீண்டும் பெற அவருக்குத் தடையில்லை என அம்மையார் தெரிவித்தபோது, "அது உங்களிடமே இருக்கட்டும் அம்மா" என்று கைகூப்பினார். இன்றளவும் அவர் அச்சாவியைக் கேட்டதில்லை. புதிதாகச் சேரும் செவிலியர்க்கு, முதுகு நோகாமல் நோயாளியைத் தூக்கும் முறையைக் கற்பிப்பது இப்பொழுது அவர் விரும்பி ஏற்றுள்ள பணி.

இளையோர்க்கும் பெரியோர்க்கும்

இந்நோய் நமக்குத் தொலைவிலுள்ளது என எவரும் எண்ண வேண்டாம். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் மைய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடி மக்கள் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980 முதல் போதை மீட்பு மருத்துவத்தில் ஈடுபட்டு வருகின்றது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. மைய அரசின் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்து எவரும் ஆலோசனை பெறலாம்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் ஆசிரியராகவோ, வங்கிப் பணியாளராகவோ, ஓட்டுநராகவோ, மருத்துவத்துறை ஊழியராகவோ பணியாற்றுவீர்கள். உடன் பணிபுரியும் ஒருவர் கண்முன்னே அழிவதைக் காண நேரிடின், 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்காதீர்கள். கண்டதை நாளோடும் நேரத்தோடும் குறித்து வையுங்கள். தனியே மோதாதீர்கள். காக்க வல்லாரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டோமே என விலகிச் செல்லாமல், சிகிச்சை முடிந்து அவர் திரும்பும் நாளிலும் வாயிலில் நில்லுங்கள்.

பெரியோர்களே! வீட்டில் ஒருவர்க்கு இந்நோய் என்றால், பெண் கொடுப்பாரா, ஊர் என்ன பேசும் என்னும் அச்சத்தில் மறைத்து வைத்து, காலம் கடந்தபின் மருத்துவரிடம் வருகின்றோம். சர்க்கரை நோயை மறைக்காத நாம் இதனை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? செய்த தீங்கிற்குப் பொறுப்பேற்கச் செய்வது வேறு. நோயுற்றவரை இழிவுபடுத்துவது வேறு. முன்னது இல்லாத இரக்கம் பிறரை அழிக்கும். இரக்கம் இல்லாத முன்னது அவரையே அழிக்கும்.

'அமானிதம்' என்னும் சொல் இக்கல்லூரி வளாகத்தில் அனைவரும் அறிந்தது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் பொருள். செவிலியர் கையிலுள்ள மருந்தலமாரிச் சாவி ஓர் அமானிதம். கட்டிலில் கிடக்கும் நோயாளியின் வலியும் ஓர் அமானிதம். உடன் பணியாற்றும் நண்பரின் உயிரும் அவ்வாறே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மூன்றையும் ஒருங்கே காப்பது கடினமே. ஆயினும் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடலாகாது. அறத்தொடு நிற்றல் என நம் முன்னோர் பெயரிட்டது தோழியின் ஒரு கூற்றுக்கு மட்டுமன்று; நமக்கும் உரிய ஒரு நெறிக்கே எனக் கொண்டு வாழ்வோமாக.